இணைப்பைத் துண்டித்தது யார்? டயல்-அப் தொல்லைகள் குறித்த இழை

கேள்வி: 2003 ஜூலை 12

வீட்டுக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே பொருத்திய 56கே மோடம் (தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு இணைக்கும் கருவி; நொடிக்கு 56 கிலோபிட் வரை). இணையும்போது நொடிக்கு 49,333 பிட் என்று வேகம் காட்டுகிறது. சில வேளைகளில் ஐந்து நிமிடத்திலும் சில வேளைகளில் முக்கால் மணி நேரம் கழித்தும் எந்த முன்னறிவிப்பும் இன்றி இணைப்பு அறுந்துபோகிறது. அதற்குச் சற்று முன் கோப்பு இறங்குவது நின்றுவிடுகிறது; ஆனால் திரையின் மூலையில் இணைப்பு இருப்பதாகவே காட்டுகிறது. மோடத்தின் பதிவுக் கோப்பில், எதிர்முனை மோடம் இணைப்பை வைத்துவிட்டதாக, அதாவது போனை வைப்பதுபோல் துண்டித்துவிட்டதாக, எழுதியிருக்கிறது. ஆகவே சேவை வழங்குநர் வேண்டுமென்றே துண்டிக்கிறார் என்பது என் முடிவு. புது மோடம் வாங்குவதா, சேவையையே மாற்றுவதா?

2003 ஜூலை 12, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்த ஒரு வரியை வைத்து வழங்குநர்மீது பழி போட முடியாது. எதிர்முனையின் கேரியர் ஒலி (இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்டும் தொடர் ஒலி) குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காதில் விழாவிட்டால் உங்கள் மோடம் இணைப்பை விட்டுவிடும். விண்டோஸ் அதை எதிர்முனை வைத்துவிட்டதாக எழுதிக்கொள்ளும். சுவர்ப் பெட்டியில் கம்பி அசைந்தாலும், வேறு அறையில் ஒருவர் ரிசீவரை எடுத்தாலும், வழங்குநரின் கருவி உண்மையிலேயே துண்டித்தாலும் அங்கே வருவது ஒரே வரிதான்.

ஆனால் அந்தக் கோப்பிலிருந்து ஒரு செய்தி உறுதியாகக் கிடைக்கும். உங்கள் கணினியே இணைப்பைத் துண்டித்திருந்தால், துண்டிக்கும்படி மோடத்துக்கு ஆணையிட்டதும் டிடிஆர் சமிக்ஞையை (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்வது) இறக்கியதும் அதில் பதிவாகியிருக்கும். அந்த வரிகள் கேரியர் போனதற்கு முன்னால் இருக்கின்றனவா, பின்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னால் இருந்தால் குற்றவாளி கணினிக்குள் இருக்கிறான். பின்னால் இருந்தால் அது வெறும் ஈமச்சடங்கு.

2003 ஜூலை 13

பதிவுக் கோப்பைவிட ஒரு தாளும் பென்சிலும் அதிகம் சொல்லும். ஒவ்வொரு முறையும் இணைந்த நேரம், அறுந்த நேரம், அப்போது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரே அளவு நேரம் கழித்து அறுந்தால் எங்கோ ஒரு காலவரம்பு வேலை செய்கிறது. எதையும் இறக்காமல் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அறுந்தால், சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் ஓர் அமைப்பு விழித்திருக்கிறது. கால அளவு தாறுமாறாக இருந்தால் தொலைபேசிக் கம்பியைப் பாருங்கள். மாலையில் மட்டும், அல்லது மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கம்பியை இன்னும் நன்றாகப் பாருங்கள்.

உங்கள் "ஐந்து நிமிடமும் முக்கால் மணியும்" மூன்றாவது வகையைப் போலத் தெரிகிறது. இருந்தாலும் நினைவிலிருந்து சொல்லாதீர்கள், எழுதுங்கள். எரிச்சலில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் அறுந்தது மட்டுமே நினைவில் நிற்கும். இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது நிற்காது.

2003 ஜூலை 15

கணினிக்குள் இருக்கும் கால எண்ணிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் அவை ஒரே இடத்தில் இல்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மோடத்தின் பண்புகளுக்குள், இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் அழைப்பைத் துண்டிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. டயல்-அப் இணைப்பின் சொந்தப் பண்புகளில் அதே வேலையைச் செய்யும் வேறொன்று உண்டு. இண்டர்நெட் எக்ஸ்புளோரரின் இணைப்பு அமைப்புகளில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. கூடவே, இனி இணைப்பு தேவைப்படாது என்று அதுவே கருதும்போது துண்டித்துவிடும் தேர்வும் இருக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அஞ்சலை அனுப்பிப் பெற்று முடித்ததும் இணைப்பை வைத்துவிடும்படி ஒரு பெட்டியில் குறியிட இடம் தருகிறது. இவற்றில் எது துண்டித்தாலும் "நான்தான்" என்று முன்வந்து சொல்லாது.

இவை போதாதென்று மோடத்துக்குள்ளும் ஓர் எண்ணி இருக்கிறது. பல மோடங்களில் எஸ்30 என்ற ரெஜிஸ்டரும் (மோடம் தன் அமைப்பு ஒன்றை எண்ணாக வைத்திருக்கும் இடம்) சிலவற்றில் எஸ்19 என்பதும் சும்மா இருக்கும் நேரத்தை அளக்கின்றன. மதிப்பு 0 என்றால் அது தூங்குகிறது என்று பொருள்.

எக்ஸ்பியில் மின்சேமிப்பையும் பாருங்கள். கணினி உறக்கநிலைக்குப் போனால் மோடமும் கூடவே போகும்.

2003 ஜூலை 15, சற்று நேரம் கழித்து

மேலே உள்ள குறிப்பை அனுப்பும்போதே என் இணைப்பு அறுந்தது. இந்த இழையில் எழுதுவதற்கு அதைவிடப் பெரிய தகுதிச் சான்று எனக்குத் தேவையில்லை. நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு இணைவதுதான் வழக்கம். எனவே எழுத்து போகவில்லை.

2003 ஜூலை 18

கேட்டவர் எழுதிய அட்டவணை வந்திருக்கிறது. கால அளவு தாறுமாறுதான். இரவு பத்து மணிக்குப் பின் குறைவு. எண்ணிகள் அனைத்தையும் அணைத்த பிறகும் நிலைமை மாறவில்லை. ஆகவே கம்பிக்கு வருவோம்.

எந்தச் செலவும் இல்லாத சோதனை இது. தொலைபேசியின் ரிசீவரை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் ஒலி நின்று அமைதி வரும். அந்த அமைதியைச் சில நொடிகள் காதுகொடுத்துக் கேளுங்கள். பொரிவது போன்ற சத்தமோ, தாழ்ந்த ரீங்காரமோ, வேறு உரையாடலின் மெல்லிய நிழலோ கேட்டால் மோடத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரை விட்டு, சுவரில் செருகியுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, தொலைபேசி இணைப்பு வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில், குட்டையான கம்பி ஒன்றால் மோடத்தை நேராகச் செருகி, வீட்டிலுள்ள மற்ற எல்லாத் தொலைபேசிக் கருவிகளையும் கழற்றிவிட்டு ஒரு மாலை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். "எல்லாம்" என்றால் எல்லாமும்தான்: தொலைநகல் கருவி, பதில் பதிவுக் கருவி, கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தளம், மின்னெழுச்சித் தடுப்பான், இரண்டு வழி பிரிக்கும் சிறு இணைப்பான். அவற்றை ரிசீவர் வைத்த நிலையில் விட்டால் போதாது, கழற்ற வேண்டும்; ஏனெனில் வைத்த நிலையிலும் அவை இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

நீளமான தட்டைக் கம்பிகளை நான் நம்புவதில்லை. தொலைபேசித் துறை தன் இணைக் கம்பிகளை முறுக்கி இழுப்பதற்குக் காரணம், வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும் என்பதே. கடையில் கிடைக்கும் தட்டைக் கம்பியில் அந்த முறுக்கு இல்லை. அதை மின்கம்பியோடு சேர்த்துச் சுவரோரமாக ஓட்டினால் இரைச்சலை நாமே அழைத்து வந்தவர்களாகிறோம்.

2003 ஜூலை 19

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள சோதனையை வலியுறுத்துவதற்கு அதுவே காரணம். மழைக்காலத்தில் மட்டும் வேகம் குறைந்து இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. வேறு மோடத்தை இரவல் வாங்கிப் போட்டும் பயன் இல்லை. சன்னலுக்கு வெளியே இருந்த வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றியபோது, திருகாணியின் கீழ் மாட்டியிருந்த செம்புக் கம்பியின் நுனி பச்சை பூத்துப் போயிருந்தது. விரலால் தொட்டதும் பச்சைத் தூள் உதிர்ந்தது. நாலைந்து இழை உடைந்து ஒரே ஓர் இழையில் அழைப்பு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. பேசும்போது சின்னப் பொரிச்சல் தவிர ஒன்றும் தெரியாது. மனிதக் காது அதை மன்னித்துவிடும், மோடம் மன்னிக்காது. நுனியை வெட்டிப் புதுச் செம்பு தெரியும்வரை சீவி மீண்டும் முடுக்கியதோடு அந்தத் தொல்லை போயிற்று.

வீட்டுப் பக்கத்துக் கம்பியை மட்டுமே நாம் தொடலாம். அதற்கு முன்னால் உள்ளது தொலைபேசித் துறையின் பொறுப்பு. புகார் கொடுக்கும்போது "இணையம் வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல் "பேசும்போது இரைச்சல் கேட்கிறது" என்று சொல்லுங்கள். முதல் வாசகத்துக்கு, கணினிக்காரரைப் பாருங்கள் என்பதே பதிலாக வரும்.

2003 ஜூலை 22

காத்திருக்கும் அழைப்புச் சேவை உண்டா என்று கேட்க விட்டுப்போயிற்று. நீங்கள் இணைந்திருக்கும்போது வேறு ஒருவர் அழைத்தால் தொலைபேசி இணைப்பகம் ஒரு குறுஞ்சத்தத்தை இடையில் செருகும். உரையாடலில் அது ஒரு நொடித் தொந்தரவு. மோடத்துக்கோ கேரியர் மறைந்த நிலை. இரவு பத்து மணிக்குப் பின் குறைகிறது என்ற தகவலோடு இது நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அந்நேரத்தில் யாரும் அழைப்பதில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அந்தச் சேவையைத் தற்காலிகமாக அணைக்கும் குறியெண்ணை இணைப்பகத்திடம் கேட்டு, விண்டோஸின் டயல் விதிகளில் அதற்கென்றே உள்ள கட்டத்தில் எழுதிவிடுவது. மற்றொன்று, மோடத்தின் பொறுமையைக் கூட்டுவது. கேரியர் மறைந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து இணைப்பை வைக்க வேண்டும் என்பதை எஸ்10 ரெஜிஸ்டர் தீர்மானிக்கிறது. அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல மோடங்களில் தொடக்க மதிப்பு 14, அதாவது 1.4 நொடி. அதை 50 ஆக்கினால் ஐந்து நொடி பொறுக்கும். மோடப் பண்புகளில் கூடுதல் தொடக்க ஆணைகளுக்கான கட்டத்தில் எஸ்10=50 என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும்.

2003 ஜூலை 23

எஸ்10 பற்றி ஒரு மறுசிந்தனை. அது உங்கள் பக்கத்தின் பொறுமையை மட்டுமே கூட்டுகிறது. எதிர்முனை மோடத்தின் காதிலும் அதே குறுஞ்சத்தம் விழுந்து அது முதலில் வைத்துவிட்டால், நீங்கள் ஐந்து நொடி அல்ல, ஐந்து நிமிடம் பொறுத்தாலும் பயன் இல்லை. 255 என்று வைத்தால் சில மோடங்கள் கேரியரையே கவனிக்காமல் விட்டுவிடும். எதிர்முனை போன பிறகும் வெறுங்கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த அளவுக்கு விசுவாசம் வேண்டாம்.

2003 ஜூலை 27

கேட்டவர் எழுதுகிறார்: காத்திருக்கும் அழைப்பை அணைத்ததும் நிலைமை பாதி சரியாயிற்று, ஆனால் கோப்பு இறங்குவது நின்று பிறகு அறுவது தொடர்கிறது.

அந்த "நின்று பிறகு அறுவது" முக்கியமான தடயம். அதை முதல் நாளே பிடித்திருக்கலாம். இரைச்சல் கூடினால் மோடங்கள் உடனே கைவிடுவதில்லை. இருவரும் வேலையை நிறுத்திவிட்டு, கம்பியை மறுபடி அளந்து, புதிய வேகத்துக்கு உடன்பட முயல்கிறார்கள். சில நொடிகள் நீடிக்கக்கூடிய இந்த மறுபயிற்சியின்போது தரவு எதுவும் ஓடாது, ஆனால் விண்டோஸின் பார்வையில் இணைப்பு இருக்கிறது.

இங்கேதான் உங்கள் முதல் முடிவுக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கிறது. வழங்குநரின் கருவி அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று பிபிபி நெறிமுறை (டயல்-அப் இணைப்பில் இரு முனைகளும் பேசிக்கொள்ளும் விதிமுறை) வழியாக விசாரிப்பது உண்டு, தொடர்ந்து பதில் வராவிட்டால் இணைப்பை வைத்துவிடும். மறுபயிற்சியில் மூழ்கிய மோடத்தால் பதில் சொல்ல முடியாது. ஆக, துண்டித்தது வழங்குநர், துண்டிக்க வைத்தது கம்பி. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க, கட்டளைத் திரையில் விண்டோஸின் நெட்ஷ் கருவியைக் கொண்டு ராஸ் (டயல்-அப் இணைப்பைக் கவனிக்கும் விண்டோஸின் பகுதி) தடமறிதலை இயக்குங்கள். விண்டோஸ் அடைவுக்குள் டிரேசிங் என்ற அடைவில் பிபிபிக்கான கோப்பு உருவாகும். ஒழுங்கான வழங்குநர் துண்டிக்கும்போது அதற்கு முன் முடித்துக்கொள்ளும் வேண்டுகோள் ஒன்றை அனுப்புவார். அது அக்கோப்பில் பதிவாகும். அப்படி ஒரு வேண்டுகோளும் இன்றிச் சட்டென்று நின்றிருந்தால் பெரும்பாலும் கம்பிதான் காரணம்.

கோனெக்ஸன்ட் வகைச் சிப்பு உள்ள மோடமாக இருந்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது. அறுந்தவுடன், மறுபடி டயல் செய்வதற்கு முன், மோடத்துக்கு நேரடியாக ஆணையிட உதவும் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து ஏடி&வி1 என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கடைசி அழைப்பு முடிந்த காரணம், முதல் வேகம், கடைசி வேகம், மறுபயிற்சிகளின் எண்ணிக்கை எல்லாம் வரிவரியாக வரும்.

2003 ஆகஸ்ட் 2

மறுபயிற்சிகள் நிறைய என்று கேட்டவரின் மோடம் தந்த அறிக்கை சொல்வதால், வேகத்தைக் குறைக்கும் யோசனைக்கு வருகிறேன். இதை எழுதினால் பலருக்குப் பிடிக்காது. 56கே என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டதை வாங்கியவர்களுக்கு அதற்குக் கீழே எதுவும் அவமானமாகத் தெரிகிறது.

தொலைபேசி இணைப்பகம் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக்குகிறது. 1998இல் வந்த வி.90 தரம், வழங்குநர் பக்கம் முழுவதும் எண்முறையில் (டிஜிட்டலாக) இருப்பதைப் பயன்படுத்தி, அந்த அளவுகளையே தரவாக உங்கள் பக்கம் அனுப்புகிறது. உங்கள் மோடம் 128 வரையிலான மின்னழுத்தப் படிகளைத் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும். படிகள் நெருங்கியவை, சிறு இரைச்சலும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். வழியில் எங்கேனும் இன்னொரு முறை ஒலியாக மாறி மீண்டும் எண்ணாக மாறினால் வி.90 நடக்கவே நடக்காது. பழைய வி.34 தரமோ 33.6 கிலோபிட் வரை மட்டுமே போகும், ஆனால் சாதாரணக் கம்பியின் குறைகளை எதிர்பார்த்தே அது வடிவமைக்கப்பட்டது.

49,333இல் இணைந்து அறுந்து, மறுபடி டயல் செய்து, கடவுச்சொல் கொடுத்து, பாதியில் நின்ற கோப்பை முதலிலிருந்து இறக்குவதைவிட, 33,600இல் இரவு முழுவதும் நிற்பது வேகமானது. பல மோடங்களில் +எம்எஸ்=வி34 என்ற ஆணையைக் கூடுதல் தொடக்க ஆணையாகக் கொடுத்தால் வி.90 அணைந்துவிடும். ஆணை சிப்புக்குச் சிப்பு மாறும். எனவே முதலில் ஏடிஐ3 தட்டி உங்களுடையது எந்தக் குடும்பம் என்று பாருங்கள்.

2003 ஆகஸ்ட் 3

ஒரு சேர்க்கை. உடனே 33,600க்கு இறங்க வேண்டியதில்லை. வி.90ஐ வைத்துக்கொண்டே உச்ச வேகத்தை 44,000 என்று கட்டுப்படுத்தவும் அதே ஆணையின் கடைசி எண் இடம் தருகிறது. மோடம் முதலில் பேராசைப்பட்டு 49,333இல் இணைந்து பிறகு தடுமாறுகிறது. 44,000இல் தொடங்கினால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

2003 ஆகஸ்ட் 6

சற்று விலகிப் போகிறேன், ஆனால் இதுவும் துண்டிப்பைப் பற்றியதுதான். இணைப்பில் இருக்கும் மோடத்தைக் கட்டளை நிலைக்குக் கொண்டுவர மூன்று கூட்டல் குறிகளை அனுப்ப வேண்டும். 1981இல் ஸ்மார்ட்மோடத்தை வெளியிட்ட ஹேய்ஸ் நிறுவனம், அந்த மூன்று குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி அமைதி இருந்தால் மட்டுமே அதைக் கட்டளையாக ஏற்கும்படி செய்து, அந்த அமைதிக்கு 1985இல் காப்புரிமையும் பெற்றது. உரிமைத்தொகை கட்ட விரும்பாத சில தயாரிப்பாளர்கள் அமைதியைக் கைவிட்டார்கள். விளைவு: +++ஏடிஎச்0 (மூன்று கூட்டல் குறிகளும் இணைப்பை வைக்கச் சொல்லும் ஆணையும்) என்ற எழுத்துகள் நீங்கள் அனுப்பும் தரவில் எங்கே வந்தாலும் அத்தகைய மோடம் உடனே இணைப்பை வைத்துவிடும். 1998இல் இதைக் கண்டுகொண்ட குறும்பர்கள், அந்த எழுத்துகளைப் பிங் பொட்டலத்தில் (மறுமுனைக் கணினி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) வைத்துப் பிறருக்கு அனுப்பினார்கள். பிங்குக்கு வந்ததை அப்படியே திருப்பி அனுப்புவது கணினியின் கடமை. திருப்பி அனுப்பும்போது அதன் மோடமே அதை ஆணையாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடும்.

எஸ்2=255 என்று வைத்தால் அந்த மூன்று குறிக் கட்டளையே அணைந்து இந்த ஓட்டை அடைபடும். அரட்டையறையில் சண்டை போட்டவுடன் இணைப்பு அறுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கான பதில் இது. நான் அந்த எழுத்துகளை இங்கே தமிழில் எழுதியிருப்பது தற்செயல் அல்ல. ஆங்கில எழுத்தில் எழுதினால், மேற்கோள் காட்டிப் பதில் அனுப்பும் நண்பர்களில் சிலர் பாதியில் காணாமல் போவார்கள்.

2003 ஆகஸ்ட் 14

இந்த வாரம் திடீரென்று பலரும் "என் இணைப்பும் அறுகிறது" என்று எழுதுகிறீர்கள். திரையில் 60 நொடி எண்ணிக்கை ஓடி, ஆர்பிசி என்ற விண்டோஸின் உள்சேவை எதிர்பாராமல் நின்றது என்று சொல்லிக் கணினியே அணைந்தால் அது மோடமும் அல்ல, கம்பியும் அல்ல. 11ஆம் தேதி முதல் பரவிவரும் பிளாஸ்டர் புழு அது. எக்ஸ்பியையும் விண்டோஸ் 2000ஐயும் தாக்குகிறது. விண்டோஸ் 98 வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதமே வெளியிட்டுவிட்டது. மெதுவான இணைப்பில் அந்தத் திருத்தத்தை இறக்குவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது என்பது உண்மையான சிக்கல். இணைப்பின் பண்புகளில் எக்ஸ்பியின் தீச்சுவரை இணைவதற்கு முன்பே இயக்கிவிட்டு, அதன் பிறகு இணையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இணைப்பு தானாக அறுந்து, தானாகவே மறுபடி டயல் செய்யும் ஒலி கேட்டால், அது எந்த எண்ணை அழைக்கிறது என்று பாருங்கள். உங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதிகக் கட்டணமுள்ள எண்ணுக்கு அழைக்கும் திருட்டு நிரல்கள் உலவுகின்றன. மோடத்தின் ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருப்பவர்களுக்குத் தொலைபேசிக் கட்டண ரசீதுதான் முதல் அறிவிப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே என் மோடத்தின் கூச்சலை நான் அணைப்பதில்லை.

2003 ஆகஸ்ட் 30

கேட்டவர் கடைசியாக எழுதியது: 44,000 வரம்பிட்ட பிறகும் மாலை நேரத் துண்டிப்பு மிச்சமிருந்தது. எல்லாக் கருவிகளையும் கழற்றிய மாலையில் ஒருமுறைகூட அறவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மாட்டியதில், பயன்படுத்தாமல் அலமாரிக்குப் பின்னால் கிடந்த பதில் பதிவுக் கருவி சிக்கியது. அதை எடுத்ததும் வரம்பு இல்லாமலேயே 48,000இல் நிற்கிறது. புது மோடம் வாங்கவில்லை.

இப்போது ஒரே வகைத் துண்டிப்புதான் மிச்சம், அதுவும் எப்போதும் சரியாக நான்கு மணி நேரத்தில். பிபிபி கோப்பில் முடித்துக்கொள்ளும் வேண்டுகோள் எதிர்முனையிலிருந்து வந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. இது வழங்குநரின் அமர்வு வரம்பு. கணக்குச் சரிபார்க்கும் சேவையகம் ஒவ்வோர் இணைப்புக்கும் இத்தனை நொடி என்று சொல்லி அனுப்பும் வழக்கமான ஏற்பாடு. உங்கள் பக்கம் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. பெரிய கோப்பு இறக்குவதாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் இறக்க மேலாளர் ஒன்றை வைத்துக்கொண்டு, இணைப்பு அறுந்தால் மறுபடி டயல் செய்யும் தேர்வை இயக்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.